6. கேட் ஸ்கோர் வந்த பிறகு

கேட் தேர்வின் முடிவு மார்ச் மாதத்தில் வெளியாகும். தேர்வு வரை பாடம், மாதிரித் தேர்வு, பழைய வினாத்தாள் என்று நாள்கள் ஓர் ஒழுங்கில் ஓடியிருக்கும். மறுநாளிலிருந்து என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. பயிற்சி மையங்கள் தேர்வோடு விலகிக்கொள்கின்றன. நம் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் வேலைவாய்ப்புக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மேற்படிப்பு பற்றிக் கேட்கப் போனால் யாரைப் பார்ப்பது என்றே தெரியாது.

கணினி அறிவியல் முதுநிலைப் படிப்புக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்றுதான். நல்ல ஸ்கோர் கையில் இருக்கும். விண்ணப்பித்தது ஐஐடி மெட்ராஸுக்கும் இன்னும் ஓரிரு இடங்களுக்கும் மட்டும். அங்கே கிடைக்கவில்லை என்றதும் ஐ.டி. வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே ஸ்கோருக்கு இடம் தந்திருக்கக்கூடிய படிப்புகள் அதற்குள் விண்ணப்பத்தை மூடியிருக்கும். தேர்வுக்குப் படிப்பது ஒரு வேலை, விண்ணப்பிப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்கும் தனி நாள்காட்டியும் தனி உழைப்பும் வேண்டும். பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான அந்த மாதங்களைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

ஸ்கோரைப் படிப்பது

மதிப்பெண் அட்டையில் மூன்று எண்கள் இருக்கும்: நூற்றுக்கு எடுத்த மதிப்பெண், ஆயிரத்துக்குக் கணக்கிட்ட ஸ்கோர், அகில இந்திய ரேங்க். வீட்டிலும் உறவினர்களிடமும் பேசப்படுவது ரேங்க். நிறுவனங்கள் பார்ப்பது ஸ்கோர். கேட் ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியவர்களை ஒரே வரிசையில் வைக்க அந்த எண்ணால்தான் முடியும்.

ஸ்கோர் கணக்கிடும் முறை எளிது. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 350 ஆகிறது. அந்தத் தாளை எழுதியவர்களில் முதல் 0.1 சதவீதத்தினரின் சராசரி மதிப்பெண் 900 ஆகிறது. மற்றவர்களின் மதிப்பெண் இந்த இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டில் அமர்கிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டில் தகுதி மதிப்பெண் 28, முதல் வரிசையினரின் சராசரி 85 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 56.5 எடுத்திருந்தால் சரியாக நடுவில் நிற்கிறீர்கள், ஸ்கோர் 625. இந்தக் கணக்குப்படி ஒரு மதிப்பெண் கூடினாலோ குறைந்தாலோ ஸ்கோரில் கிட்டத்தட்ட 10 புள்ளிகள் மாறும். கணினி அறிவியலின் கட்-ஆஃப்கள் நெருக்கமாக இருப்பதால் அந்த 10 புள்ளிகளில் ஒரு நிறுவனமே கைமாறிவிடும். ஒரே ஒரு சரியான விடை கொண்ட இரண்டு மதிப்பெண் கேள்வியில் தவறான விடையைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கழியும் என்பதை அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர்கள் இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

ஸ்கோர் தெரிந்த உடனே, ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட்டிருக்கும் முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் சுற்றுக் கட்-ஆஃப், கடைசிச் சுற்றுக் கட்-ஆஃப் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் காத்திருக்கலாமா வேண்டாமா என்று பின்னால் உங்களுக்குச் சொல்லும். உங்கள் பிரிவுக்கான எண்ணைப் பாருங்கள்; பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விட்ட ஓபிசி, எஸ்.சி. மாணவர்கள் பலர்.

ஒரே பட்டம், வெவ்வேறு வாழ்க்கை

முதுநிலை என்றால் இரண்டு ஆண்டு எம்.டெக். என்றே நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், ஒரே துறையில் ஒரே வளாகத்தில் வெவ்வேறு விதமான முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன என்பது.

பாடங்களை மையமாகக் கொண்ட எம்.டெக். ஒன்று. முதல் ஆண்டு முழுக்கப் பாடம், இரண்டாம் ஆண்டு பெரும்பகுதி புராஜெக்ட். கேட் தகுதியுடன் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதற்கு ஈடாக வாரத்தில் சில மணி நேரம் ஆய்வகத்தில் இளநிலை மாணவர்களுக்கு உதவ வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். பெரிய ஐஐடிகளில் கட்-ஆஃப் மிக உயரமாக இருப்பது இந்தப் படிப்புக்குத்தான். வேலைவாய்ப்பை நோக்கிப் போகிறவர்களுக்கு ஏற்றது.

ஐஐடி பம்பாயில் இதே எம்.டெக். படிப்பை மூன்று ஆண்டுகளில் முடிக்கும் ஆராய்ச்சி உதவியாளர் பிரிவும் உண்டு. துறையின் கணினி அமைப்புகளையோ ஆய்வகத்தையோ கவனிக்கும் பொறுப்பு சேர்ந்து வரும். பாடச்சுமை மூன்று ஆண்டுகளுக்குப் பரவுவதால் ஆய்வில் ஆழ்ந்து இறங்க நேரம் கிடைக்கும். ஓர் ஆண்டு வீண் என்று பெற்றோர் சொல்வார்கள். சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கையாண்டு கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அந்த ஆண்டு வீணாகாது.

அடுத்தது ஆய்வு முதுநிலை. ஐஐடி மெட்ராஸில் இதன் பெயர் எம்.எஸ்., ஐஐடி டெல்லியில் எம்.எஸ். (ஆய்வு), பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.டெக். (ஆய்வு). இதில் பாடங்கள் குறைவு. ஓர் ஆசிரியரின் கீழ் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுத வேண்டும். ஆய்வேடு எப்போது தயாராகிறதோ அப்போதுதான் படிப்பு முடியும். இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். சேர்க்கை கேட் ஸ்கோரால் மட்டும் நடப்பதில்லை. ஸ்கோர் உங்களை நேர்முகத்துக்கு அழைத்துச் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிவு செய்யும்.

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகமாகத் தவறவிடும் வாய்ப்பு இது என்பது என் உறுதியான எண்ணம். நேரடி எம்.டெக். கட்-ஆஃபைத் தொட முடியாத ஸ்கோருடன் ஆய்வு முதுநிலைக்கு நேர்முக அழைப்பு வரலாம். அங்கே உங்கள் எதிரில் இருப்பவர்கள் மூன்று மணி நேரத் தேர்வில் நீங்கள் எவ்வளவு வேகமாக இருந்தீர்கள் என்று பார்க்கப்போவதில்லை. ஒரு கணக்கை எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். நிதானமாகச் சிந்திக்கிறவர்கள், கணிதத்தில் ஆழமானவர்கள், தேர்வறையில் பதற்றத்தில் மதிப்பெண் இழந்தவர்கள் ஆகியோருக்கு இது நியாயமான இன்னொரு வாய்ப்பு. முனைவர் பட்டம் வரை போக எண்ணுகிறவர்கள் இதை முதல் விருப்பமாகவே வைக்கலாம்.

கணினி அறிவியல் அல்லாத பிரிவில் படித்தவர்களுக்கும் ஒரு சொல். மின்னணுவியல், மின்னியல், கணிதம் படித்தவர்கள் கணினித் தாளை எழுதிச் சேர்வது வழக்கமான ஒன்று. பல துறைகள் எந்தப் பொறியியல் பிரிவையும் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை; தகுதிப் பகுதியைத் துறை வாரியாகப் படியுங்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் 1977இல் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்து, 1979இல் அங்கேயே கணினி அறிவியல் எம்.டெக். பெற்றவர். மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1973இல் அந்த வளாகத்துக்கு ஐபிஎம் 370 கணினி வந்திருந்த காலம் அது. வேறு துறையிலிருந்து கணினிக்கு வருவது இந்தத் துறையின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் மரபு.

கேட் கேட்காத இடங்கள்

சென்னைக்கு அருகே சிறுசேரி சிப்காட் வளாகத்தில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொறியாளர்களில் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் அங்கே இருப்பதே தெரியாது. 1989இல் தொடங்கியது. அங்கே கணினி அறிவியலில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. உண்டு, தரவு அறிவியலுக்குத் தனி எம்.எஸ்சி. உண்டு. கேட் தேவையில்லை. வழக்கமாக மே மாதத்தில் அவர்களே ஒரு நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். அல்காரிதம், தனிநிலைக் கணிதம், ஆட்டோமேட்டா, தர்க்கம் ஆகியவற்றில் நீங்கள் எவ்வளவு தெளிவாக வாதத்தைக் கட்டுகிறீர்கள் என்று அந்தத் தேர்வு பார்க்கும். பழைய வினாத்தாள்கள் கழகத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. என்.பி.டெல். தளத்தில் அல்காரிதம் பாடத்தை மாதவன் முகுந்த் நடத்திக் கேட்டிருப்பீர்கள். அவர் இந்தக் கழகத்தின் பேராசிரியர். அந்தப் பாடம் உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்த இடமும் பிடிக்கும்.

இந்தப் படிப்பைச் சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ்சி.யா?" என்பது. பட்டத்தின் பெயரைப் பார்க்காமல், யார் கற்பிக்கிறார்கள், படித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். உலகின் நல்ல பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்கு அங்கிருந்து போனவர்கள் பலர்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் கொல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவினார். அங்கே கணினி அறிவியலில் எம்.டெக். இருக்கிறது, அதற்கான நுழைவுத் தேர்வும் மே மாதத்தை ஒட்டியே வரும், கணிதம் ஆழமாகக் கேட்கப்படும். ஐதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் பி.ஜி.இ.இ. என்ற சொந்தத் தேர்வை நடத்துகிறது. அங்கும் எம்.டெக்., ஆய்வு முதுநிலை இரண்டும் உண்டு.

இவற்றுக்கான விண்ணப்பங்கள் கேட் முடிவு வரும் நேரத்திலோ அதற்கு முன்போ திறந்து மூடிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் அப்படித்தான்: பிப்ரவரியில் திறக்கும் விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஸ்கோர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அங்கே வாய்ப்பை இழக்கிறார்கள். ஸ்கோர் தெரியாமலே விண்ணப்பியுங்கள். பிப்ரவரியில் கேட் எழுதி முடித்த வாரமே இந்த வேலை தொடங்க வேண்டும்.

சான்றிதழ்

தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். அது மாநில அரசின் பட்டியலை ஒட்டியது. ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் கேட்பது மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ். இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள். மாநிலப் பட்டியலில் பி.சி.யாக இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. உங்கள் சமூகத்தின் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் எந்த எழுத்தமைப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, தேதி. நிறுவனங்கள் பொதுவாக ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய, அந்த நிதியாண்டுக்கான சான்றிதழையே கேட்கின்றன. கடந்த ஆண்டு வாங்கியது செல்லாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மூலம் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் தேர்தல் வேலை, ஜமாபந்தி என்று எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம்.

வருமானத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கிரீமி லேயர் என்று கேட்டவுடன், ஆசிரியராகவோ எழுத்தராகவோ இருக்கும் பெற்றோரின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துப் பலர் விலகிவிடுகிறார்கள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அவர்கள் எந்த நிலைப் பதவியில் பணிக்குச் சேர்ந்தார்கள் என்பதே பார்க்கப்படும். மத்திய அரசின் 1993ஆம் ஆண்டு ஆணையில் இது இருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆணையைக் காட்டிக் கேளுங்கள். மத்திய நிறுவனங்களில் ஓபிசி ஒதுக்கீடு 27 சதவீதம். தாள் ஒன்று இல்லாததால் அந்த உரிமை கைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ்களுக்கு இப்படி ஆண்டுக் கணக்கு இல்லை. பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் கேட் விண்ணப்பத்தில் இருப்பதைப் போலவே இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்தை ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் எழுதிவிடுவார்கள், சிலவற்றில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். அரியர் இருக்கிறவர்கள் கடைசி செமஸ்டரில் அதை முடித்துவிட வேண்டும். தற்காலிகச் சேர்க்கை தருவார்கள், ஆனால் குறித்த தேதிக்குள் பட்டச் சான்று காட்டியாக வேண்டும்.

சுற்றுகளில் முடிவெடுப்பது

ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் எம்.டெக். இடங்களைக் காட்டும் பொதுத் தளம் சி.ஓ.ஏ.பி. இதில் பதிவு செய்தாலே விண்ணப்பித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு ஐஐடிக்கும் அதனதன் தளத்தில் தனியாக விண்ணப்பித்து, சி.ஓ.ஏ.பி. பதிவு எண்ணை அதில் கொடுக்க வேண்டும். பொதுத் தளம் உங்களுக்கு வரும் அழைப்புகளைக் காட்டவும் உங்கள் முடிவை வாங்கவும் மட்டுமே.

மே மாதத்தில் சுற்றுகள் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தேர்வுகள் இருக்கும். ஏற்று உறுதி செய்தால் அந்த இடம் உங்களுடையது, அடுத்த சுற்றுகளில் உங்கள் பெயர் வராது. வைத்துக்கொண்டு காத்திருந்தால் இப்போதைய இடம் கையில் இருக்கும், அடுத்த சுற்றில் வேறு நல்ல அழைப்பு வந்தால் அதற்கு மாறலாம். நிராகரித்துக் காத்திருந்தால் அந்தப் படிப்பு மீண்டும் உங்களிடம் வராது. கெடு முடிவதற்குள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் நிராகரித்ததாகவே கணக்கு.

முதல் சுற்றில் திருப்பதி ஐஐடியில் இடம் வருகிறது, உங்கள் மனம் ஐஐடி மெட்ராஸ் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிராகரிக்க எந்தக் காரணமும் இல்லை, வைத்துக்கொண்டு காத்திருங்கள். எத்தனை சுற்றுகள் வைத்திருக்கலாம் என்ற விதியை அந்த ஆண்டின் அறிவிப்பில் படித்துக்கொள்ளுங்கள். முன்பு எழுதிவைத்த தாள் இப்போது உதவும். மெட்ராஸின் கடைசிச் சுற்றுக் கட்-ஆஃப் உங்கள் ஸ்கோருக்கு 5, 10 புள்ளிகள் மேலே இருந்தால் காத்திருக்கலாம். 60 புள்ளிகள் மேலே இருந்தால், கையில் இருப்பதை உறுதி செய்துவிட்டுப் படிக்கத் தயாராகுங்கள்.

புதிய ஐஐடிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். திருப்பதியும் பாலக்காடும் 2015இல் தொடங்கியவை. மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைக்கும். துறைத் தளத்தில் ஆசிரியர்களின் பட்டியலைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த பகுதியில் யார் வேலை செய்கிறார்கள், கடந்த ஓரிரு ஆண்டுகளில் என்ன கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வளாகத்தின் வயதைவிட இது முக்கியம்.

என்ஐடிகளுக்கு வேறு வழி: சி.சி.எம்.டி. கலந்தாய்வு. திருச்சி என்ஐடிக்கும் இதிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு இளநிலையில் 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. தேவை. இங்கே ஒரே பட்டியலில் உங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பூட்ட வேண்டும். கிடைக்குமா என்று யோசித்து வரிசையை மாற்றாதீர்கள்; எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு உங்கள் தகுதி குறையாது. அண்ணா பல்கலைக்கழகமும் மாநிலத்தின் மற்றக் கல்லூரிகளும் இவற்றுக்குப் பிறகு வரும் கலந்தாய்வில்; அதற்குக் கேட் ஸ்கோரோ, 2023இல் தொடங்கிய சீட்டா நுழைவுத் தேர்வோ வேண்டும்.

நேர்முகத்துக்கு முன்னால்

ஆய்வு முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் நோக்க அறிக்கை ஒன்று கேட்பார்கள். சிறுவயதிலிருந்தே கணினி மேல் ஆர்வம் என்று தொடங்கும் அறிக்கைகளை ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் படித்திருப்பார்கள். நீங்கள் செய்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கேள்வியை எடுத்தீர்கள், என்ன முயன்றீர்கள், எது வேலை செய்யவில்லை, ஏன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு பக்கத்தில் இது இருந்தால் போதும். பிறகு, அந்தத் துறையில் யாருடைய வேலை உங்களை ஈர்க்கிறது என்று அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுதுங்கள். படிக்காமல் பெயரை மட்டும் போட்டால், நேர்முகத்தில் அவரே எதிரில் உட்கார்ந்திருப்பார்.

புராஜெக்ட் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் நகரங்களில் இறுதியாண்டு புராஜெக்ட்டைச் செய்து தரும் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் நிரல், அறிக்கை, விளக்கப் படங்கள் எல்லாம் கிடைக்கும். அப்படி வாங்கியதை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். இந்தத் தரவுத்தொகுப்பை ஏன் தேர்ந்தீர்கள், இந்த எண் ஏன் 94 சதவீதம் வந்தது, எதோடு ஒப்பிட்டீர்கள் என்று இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரு சிறிய வேலையை நீங்களே செய்யுங்கள். ஓர் எளிய ஷெல், ஒரு சிறிய மொழிக்கான கம்பைலர், அல்லது ஒரு பழைய கட்டுரையின் சோதனையை மீண்டும் செய்து பார்த்தது. சென்டரில் வாங்கிய பெரிய தலைப்பைவிட இவற்றில் எது இருந்தாலும் உங்களை உயரமாகக் காட்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் நீயே எழுதிக் கொண்டு வா என்று சொல்லும் ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் உண்டு, வேலைச்சுமைதான் காரணம். கடிதத்தை எழுதித் தருவதற்குப் பதிலாக, அவருடைய வகுப்பில் நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்து, "சார், இதை வைத்து உங்கள் வார்த்தையில் எழுதித் தர முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். உங்களை உண்மையில் அறிந்த உதவிப் பேராசிரியரின் கடிதம், உங்கள் முகமே தெரியாத முதல்வரின் கடிதத்தைவிடப் பயன் தரும்.

நேர்முகத்தில் பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்பார்கள். இரண்டு பாடங்களைத் தேர்ந்து ஆழமாகத் தயாராகுங்கள். அதில் ஒன்று நேரியல் இயற்கணிதமோ நிகழ்தகவோ ஆக இருக்கட்டும். மெஷின் லேர்னிங் என்று சொன்னால் கேள்வி இந்த இரண்டிலிருந்தும்தான் வரும். அணியின் ரேங்க் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையோடு நிறுத்தாமல், இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை எழுதிக் காட்டிச் சொல்லுங்கள். குவிக்சார்ட் எப்போது மோசமாக ஓடும், அதை எப்படித் தவிர்ப்பது, தவிர்த்தபின் என்ன உத்தரவாதம் கிடைக்கிறது என்று ஒரே கேள்வியிலிருந்து மூன்று படிகள் இறங்குவார்கள். மூன்றாவது படியில் தடுமாறுவது இயல்பு. விடை வராதபோது மௌனமாக இருக்காதீர்கள். எதுவரை தெரியும், எங்கே நிற்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; குறிப்புக் கொடுத்து உதவுவார்கள், அந்தக் குறிப்பை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையே கவனிப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் அஞ்ச வேண்டாம். பலகையில் எழுதும் சமன்பாடும் படமும் பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

வேலையில் இருப்பவர்களுக்கு

இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு கேட் எழுதுபவர்கள் இப்போது நிறையப் பேர். உங்கள் பெரிய சிக்கல் நோட்டீஸ் பீரியட். ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள்கள். எம்.டெக். வகுப்புகள் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். கையில் உறுதியான இடம் கிடைப்பது மே இறுதியில் அல்லது ஜூனில். கணக்கு இடிக்கிறது என்பது தெரிகிறதல்லவா? உங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா, பாண்ட் ஏதும் மீதி இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே விசாரித்து வையுங்கள். கடைசி நாள் வரை இருக்கும் அலுவலகத்தில் முறையாகப் பேசி, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சம்பளத்திலிருந்து 12,400 ரூபாய்க்கு இறங்குவது சிறிய விஷயம் இல்லை. வீட்டுக் கடன், தங்கையின் படிப்புச் செலவு என்று பொறுப்பு உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். விடுதியும் மெஸ்ஸும் அந்தத் தொகையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சேரும் முன்பே ஆறு மாதச் செலவைச் சேமித்து வைத்தவர்கள் நிம்மதியாகப் படிக்கிறார்கள்.

இந்த ஆண்டு எதுவும் அமையவில்லை என்றாலும் உங்கள் ஸ்கோர் இன்னும் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஐஐடி மெட்ராஸ் ஆய்வு முதுநிலைக்கு ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடக்கிறது. ஜூலையில் கிடைக்காதவர் அடுத்த சுற்றுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதற்கு மதிப்பெண் அட்டை வேண்டும். அண்மை ஆண்டுகளில் கேட் தளம் அதை மே 31 வரை கட்டணமின்றித் தருகிறது, அதன் பிறகு பணம் கேட்கிறது. இந்தப் பக்கத்தை மூடும் முன் அதைப் பதிவிறக்கி, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.